வாசலில் நின்றவனுக்குச் சொன்ன பொய்

எங்கள் தமிழாசிரியை குறளை மனப்பாடம் செய்யச் சொன்னதை விட, அதனுடன் சண்டை போடச் சொன்னதே அதிகம். தில்லி ராமகிருஷ்ணபுரம் தமிழ்ப் பள்ளி, 1986 ஜனவரி. குளிருக்காக வெயிலில் ஜமுக்காளம் விரித்து நடந்தது வகுப்பு. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்கிறது 292ஆம் குறள். அறிந்தே பொய் சொன்னால் உன் நெஞ்சே உன்னைச் சுடும் என்கிறது அடுத்த குறள். "வள்ளுவர் எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டு டீச்சர் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட்டை அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். நண்பன் உன் வீட்டில் ஒளிந்திருக்க, கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்று 1797இல் எழுதியவர் கான்ட். நீ பொய் சொல்லப்போய், நண்பன் உனக்குத் தெரியாமல் வெளியேறி அவனிடமே அகப்பட்டால் பழி உன்மேல் விழும் என்பது அவர் வாதம். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் புதிராக இருந்திருக்கும். நாங்கள் 1984 நவம்பரைப் பார்த்தவர்கள், இந்திரா காந்தி கொலையை அடுத்துச் சீக்கியர்களுக்கு எதிராக வெடித்த கலவரத்தை. அரசுக் கணக்கிலேயே தில்லியில் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சர்தார்ஜி குடும்பம் தஞ்சாவூர் மாமி ஒருவரின் சமையலறையில் ஒளிந்திருந்தது. தேடி வந்த கும்பலிடம், "ஊருக்குப் போய்விட்டார்கள்" என்று அரைகுறை இந்தியில் சொன்னார், ஏகாதசி விரதம் தவறாத அந்த மாமி. நெஞ்சு சுட்டதாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று வகுப்பில் கான்ட்டுக்கு ஒரு ஓட்டும் விழவில்லை.

இப்போது எனக்கு லண்டனில் மருத்துவமனை வேலை. நம்மவர் குடும்பங்கள் என்னைத் தனியே அழைத்து, "அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்" என்கிறார்கள். சிலர் 292ஐயே துணைக்கு அழைக்கிறார்கள்! எனக்கு அது ஒப்பவில்லை. மாமி ஏமாற்றியது கொல்ல வந்தவனை. இங்கே ஏமாறுபவர் நோயாளியே. யாரைப் பார்க்க வேண்டும், சொத்தை யாருக்கு எழுத வேண்டும், இந்தச் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்ய அவருக்கு மிஞ்சியிருக்கும் காலத்தை நாம் பறித்துக்கொள்கிறோம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே முதலில் கேட்டுவிடுவது என் வழக்கம்.

சங்க விருந்தில் இதைச் சொன்னபோது வகுப்புத் தோழி ஒருத்தி மறுத்தாள். "கேட்காதவர் தலையில் உண்மையை ஏன் கொட்டுகிறாய்? தீமை இல்லாத சொல்தானே வாய்மை, 291ஐ மறந்துவிட்டாயா?" என்றாள். நியாயமான அடிதான். ஆனால் கேட்காமல் இருப்பவர்களில் பலருக்கு எல்லாம் தெரிந்தேயிருக்கிறது. பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர்களும் பேசாமல் இருக்கிறார்கள்.