எனக்கு மூன்றாம் மாதத்தில், அவருக்கு சீசன் முடிந்த பிறகு

"ஏன் முன்னாடியே வரல?" எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தாமதமாக வந்து சேருகிற யாரையும் இந்தக் கேள்வி விடாது. டாக்டர் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. ஆனாலும் கேட்டதும் எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான் சீக்கிரமே வந்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள்.

பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். அவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை, அதாவது போர் போடுகிற வண்டி. ஆயுத பூஜை முடிந்து கிளம்பினால் சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றிவிட்டு, அடுத்த வருஷம் வடக்கே மழை பிடித்த பிறகுதான் வீடு. இருவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது.

எனக்குச் சீக்கிரம் தெரிந்ததற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை. மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, அதற்கான பிக்மி நம்பர் வாங்கினால்தான் அப்போது முதல் தவணை கிடைக்கும். அதனால் நர்ஸம்மா எங்கள் காலனிக்கே வந்து, தறிப்பட்டறை வாசலில் நின்று, "இந்த வாரம் வரலைன்னா பணம் போயிரும் கண்ணு" என்று விரட்டுவார். போனேன். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, அதோடு விரல் நுனியில் ஒரு குத்து. அந்தச் சொட்டு ரத்தத்தில்தான் சந்தேகம் வந்தது.

அங்கேயே முடிவு சொல்ல மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வேறு வேறு கிட்டில் பார்த்து, மூன்றும் ஒன்றுபோல் வந்தால்தான் உறுதி செய்வார்களாம். கவுன்சிலர் அக்கா கதவைச் சாத்திவிட்டு, முதலில் சொன்னதே குழந்தையைப் பற்றித்தான். மருந்து எடுக்காவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கு வரலாம், ஒழுங்காக எடுத்தால் அது 5-க்கும் கீழே போய்விடும் என்றார். நான் அழுதுகொண்டிருந்ததால் திரும்பவும் ஒரு தடவை சொன்னார்.

அப்புறம் ஏ.ஆர்.டி. மையம். போட்டோ, முகவரிச் சான்று, எடை, இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா என்ற கேள்விகள், சிடி4 (நோயை எதிர்க்கும் ரத்த அணு) எண்ணிக்கைக்கு ரத்தம். எனக்கு நானூறுக்கு மேல் இருந்தது. முன்பு என்றால் இந்த எண்ணிக்கைக்கு மருந்து தருவார்களா என்பதே ஒரு பேச்சாக இருக்கும். 2017-லிருந்து எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருந்து என்று மாற்றிவிட்டார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ராத்திரி சாப்பிட்டதும் போட்டுக்கொள்வேன். ஆரம்பத்தில் மாதாமாதம் போக வேண்டும். போகிற நாளெல்லாம் ஒரு ஷிஃப்ட் கூலி போகும். முன்பணம் வாங்கிய தறிக்காரி லீவு கேட்டால் முதலாளி முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பமாக இருந்ததால் "செக்கப்" என்று ஒரு வார்த்தையில் சமாளித்தேன். ஆம்பளைக்கு அந்த வார்த்தைகூடக் கிடையாது.

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் கவுன்சிலர் அக்கா. போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். சீசன் நடுவில் இறங்கினால் பேசின சம்பளம் நின்றுவிடும், வாங்கின முன்பணம் கடனாக நிற்கும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய பெரியப்பா. அவர் லாரி டிரைவர். நாமக்கல் என்றாலே லாரி, முட்டை, அதற்கடுத்து இந்த நோய் என்று வெளியூர்க்காரன் பேசிய காலம் அது. தாம்பரம் சானடோரியத்துக்குக் கூட்டிப் போனார்கள், திரும்பி வந்தது உடம்புதான். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்ததே 2004 ஏப்ரலில். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தவரைப் பார்த்து வளர்ந்தவருக்கு, டெஸ்ட் எடுப்பதும் பாடை கட்டுவதும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

அந்த சீசன் முடிந்து வந்தார், குழந்தையைப் பார்த்தார், டெஸ்ட்டுக்கு மட்டும் வரவில்லை. அடுத்த சீசனில் சளி, காய்ச்சல். ரிக் நிற்கிற ஊரில் யாரோ ஒருவர் ஊசி போட்டு அனுப்புவார், இரண்டு நாள் வேலை ஓடும். மழைக்கு வீடு வந்தபோது பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தார். சளிப் பரிசோதனையில் டிபி. டிபி என்றால் எச்.ஐ.வி. பரிசோதனையும் வழக்கமாகச் செய்துவிடுவார்கள். சிடி4 நூறுகூட இல்லை. இருநூறுக்குக் கீழே போனாலே முற்றிய நிலை என்கிறார்கள்.

அப்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் வீட்டுக்காரர் பேசவில்லை. "ரிக்ல இருந்தாருங்க சார்" என்று நான் சொன்னேன். டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை.

முதலில் டிபி மருந்து, சில வாரம் கழித்து கூட்டு மருந்து. டிபி மாத்திரை டொலுடெக்ராவிரின் வேகத்தைக் குறைத்துவிடுமாம், அதனால் அதில் மட்டும் இன்னொரு மாத்திரை பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று செல்போனில் அலாரம் வைத்தேன்.

பிரசவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வாரத்துக்கு மேல் வைரஸ் அளவு பார்த்தார்கள், நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் என் கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரம்மா படித்துவிட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கட்டிலுக்குப் போனார். 2017-இல் போட்ட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம் சம்மதம் இல்லாமல் அதை வெளியே காட்டக் கூடாது. எனக்கு அன்று அது தெரியாது, தெரிந்திருந்தாலும் வலியில் என்ன பேசியிருப்பேன்? குழந்தைக்கு ஆறு வாரம் நெவிரபின் சிரப் கொடுத்தோம். குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தப் பொட்டு வைத்து அனுப்பினார்கள். பதினெட்டாம் மாதக் கடைசிப் பரிசோதனையிலும் இல்லை என்று வந்தது.

ஏ.ஆர்.டி. மையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் நிலவரம் புரியும். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவர் வருவார், தோட்டம் துரவு உள்ள குடும்பம். காரைத் தள்ளி எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வருவார். பெரிய பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் எடுத்து வருஷக்கணக்காகச் செலவழித்திருக்கிறார். மரியாதைப்பட்ட குடும்பத்து ஆள் என்று ஒருவரும் இந்த டெஸ்ட்டை எழுதவில்லையாம். பணம் இருந்தும் என் வீட்டுக்காரரைவிடக் குறைந்த எண்ணிக்கையில்தான் வந்து சேர்ந்தார். இன்னொரு அக்கா பழைய ஆள். முன்பு ஒரு தடவை தைரியமாகத் தானே வந்து பார்த்தபோது, "எண்ணிக்கை நல்லா இருக்கு, அப்புறம் வாங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். நல்லா இருக்கு என்று சொன்ன பிறகு யார் வருவார்கள்? படுத்த பிறகுதான் வந்திருக்கிறார்.

ஒரு திருநங்கை அக்காவுக்குத்தான் எல்லோரையும்விட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அவர்கள் இருக்கிற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. "எங்களைத்தான் ஊரே கெட்டவங்கன்னுது, எங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு டெஸ்ட்டு. உங்க வீட்டு நல்ல ஆம்பளைக்கு யாரு கண்ணு எடுப்பா?" என்றார். லாரிக்காரர்களுக்காவது லாரி நிற்கிற இடங்களில் முகாம் நடக்கிறது. ரிக் நிற்பது ஏதோ ஒரு காட்டில், யாரோ ஒருவர் நிலத்தில்.

இப்போது அவர் எடை கூடி மறுபடி ரிக்கில் போகிறார். முதலாளிக்குத் தெரிந்தது டிபி மட்டும். இங்கே மூன்று மாத மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்கள், சீசன் அதைவிட நீளம். தீர்ந்தால் மையத்தில் கொடுத்த சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டி அங்கே இருக்கிற மையத்தில் வாங்கிக்கொள்கிறார். மொழி புரியாமல் முதல் தடவை ரொம்பத் தடுமாறியிருக்கிறார், புத்தகத்தில் எழுதியிருந்த மருந்துப் பெயர்தான் கைகொடுத்தது.

கவுன்சிலர் அக்காவிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். மழைக்கு ரிக் எல்லாம் திருச்செங்கோட்டுக்கு வந்து பட்டறையில் வரிசையாக நிற்கும்போது அங்கே ஒரு முகாம் போடுங்கள். எச்.ஐ.வி. என்று போர்டு வைக்காமல், சர்க்கரை, பிரஷர், டிபி எல்லாவற்றோடும் சேர்த்து வையுங்கள். காலை ஆறு மணிக்கே வர வேண்டும். பத்து மணிக்கு வந்தால் ஆள் எல்லாம் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்கள், எழுந்து வர மாட்டார்கள்.