ஜூனோடிக் நோய்களுக்கான மருந்துகள்: தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று அட்டவணை போட்டு உருப்போடுவதுதான் விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களைப் பெரும்பாலோர் படிக்கும் முறை. சிறுகுறிப்புக் கேள்விக்கு அது போதும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஏன் இந்த மருந்து, அது ஏன் கூடாது?" என்று கேட்டால் அட்டவணை கைகொடுக்காது. ஒவ்வொரு நோய்க்கும் முதல் வரியாக, கிருமி உடம்பில் எங்கே தங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மருந்து, வழி, நாள் கணக்கு மூன்றும் பெரும்பாலும் அந்த வரியிலிருந்தே வந்துவிடும்.

எலிக்காய்ச்சலையும் ஸ்க்ரப் டைபஸையும் சேர்த்துப் படியுங்கள். மழைக்காலக் காய்ச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே வரும். எலிக்காய்ச்சலின் கிருமியான லெப்டோஸ்பைரா செல்லுக்கு வெளியே, இரத்தத்திலும் திசுவிலும் திரிவது. அதனால் செல்சுவரை உடைக்கும் பென்சிலின் வேலை செய்யும்: கடுமையான நோயில் பென்சிலின் ஜி 15 லட்சம் யூனிட், 6 மணிக்கு ஒருமுறை சிரை வழியாக, அல்லது செஃப்ட்ரியாக்சோன். ஸ்க்ரப் டைபஸின் ஓரியன்ஷியா செல்லுக்குள்ளேயே பெருகும். பென்சிலின் வகை மருந்துகள் செல்லுக்குள் தேங்குவதில்லை. இந்தக் கிருமிக்குச் செல்சுவரும் பெயரளவில்தான். இதற்குச் செஃப்ட்ரியாக்சோன் என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. டாக்ஸிசைக்ளின் உள்ளே புகும், கிருமியின் ரைபோசோமில் (புரதம் தயாராகும் இடம்) 30எஸ் என்ற பாகத்தில் ஒட்டிப் புரத உற்பத்தியை நிறுத்தும்: 100 மி.கி. இருவேளை, 7 நாள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின், அது ஒட்டுவது 50எஸ் பாகத்தில். கடுமையான ஸ்க்ரப் டைபஸில் இரண்டையும் சேர்த்துச் சிரை வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. (ஸ்க்ரப் டைபஸை உண்ணிக்காய்ச்சல் என்று சொன்னாலும் கடிப்பது உண்ணி அல்ல, மைட் என்ற சிற்றுயிரியின் இளம்பருவம்.)

இன்னொரு வைவா கேள்வி: எலிக்காய்ச்சலுக்கு முதல் டோஸ் கொடுத்த சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல் ஏற்றம், இரத்த அழுத்தச் சரிவு. "பென்சிலின் ஒவ்வாமை, நிறுத்துவேன்" என்று அவசரப்படாதீர்கள். கிருமிகள் மொத்தமாகச் சிதைவதால் வரும் ஜாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினையாக இருக்கலாம். தடிப்பு, மூச்சிரைப்பு இல்லை என்று பார்த்த பிறகு, மருந்தைத் தொடர்ந்துகொண்டே துணைச் சிகிச்சை தர வேண்டும்.

கால்நடைகளிடமிருந்து வரும் புருசெல்லோசிஸில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிருமி மேக்ரோபேஜுக்குள் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்), அமிலத்தன்மையுள்ள பைக்குள் ஒளிந்து மெதுவாக வளர்கிறது. ஒரே மருந்தைக் குறைந்த நாள் கொடுத்தால் காய்ச்சல் விடும், சில வாரத்தில் திரும்பும். எனவே டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இருவேளை 6 வாரம். கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் 1 கிராம் தினமும் தசை ஊசியாக 2–3 வாரம், அல்லது ரிஃபாம்பிசின் 600–900 மி.கி. தினமும் 6 வாரம். ஸ்ட்ரெப்டோமைசின் செல்லுக்குள் சரியாகப் போகாது, அமிலத்தில் வலுவும் குறையும். வெளியே திரிவதை அது பார்த்துக்கொள்ளும், உள்ளே இருப்பதை டாக்ஸிசைக்ளின் பார்த்துக்கொள்ளும். ரிஃபாம்பிசின் மாத்திரை என்பதால் வசதி. ஆனால் கல்லீரல் நொதிகளைத் தூண்டி டாக்ஸிசைக்ளின் அளவைக் குறைத்துவிடும். நோய் திரும்புவது ஸ்ட்ரெப்டோமைசின் கூட்டில் குறைவு என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்த ஒரு வரியை எழுதியவர் விடை தனியாகத் தெரியும்.

புழு மருந்தான அல்பெண்டசோலில் சாப்பாடுதான் கேள்வி. குடல்புழுவுக்கு மருந்து குடலிலேயே இருந்தால் போதும், உறிஞ்சப்பட வேண்டியதில்லை. நாய்வழி வரும் ஹைடாடிட் கட்டி (நாடாப்புழுவின் இளம்பருவம் உண்டாக்கும் நீர்க்கட்டி) கல்லீரலில் இருக்கிறது. மருந்து இரத்தத்துக்குள் போயாக வேண்டும். ஆகவே 400 மி.கி. இருவேளை, கொழுப்புள்ள உணவோடு. வெறும் வயிற்றில் என்று எழுதினால் தவறு.

பூனைவழி வரும் ஒட்டுண்ணியான டாக்ஸோபிளாஸ்மாவுக்கு பைரிமெத்தமின், சல்ஃபாடயசினோடு ஃபோலினிக் அமிலம். ஃபோலிக் அமிலம் அல்ல. ஒரே எழுத்துப் பிழையில் விடை மாறிவிடும்.

கடைசியாக ரேபிஸ். அறிகுறி தொடங்கிவிட்டால் குணப்படுத்தும் மருந்து கிடையாது. வைரஸ் கடிவாயில் இருக்கும்போதே, நரம்புக்குள் நுழையுமுன் பிடிக்க வேண்டும். அதனால்தான் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பொருள்) காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடப்படுகிறது: மனித வகை கிலோவுக்கு 20 யூனிட், குதிரை வகை 40. 60 கிலோ ஆளுக்கு 1200 அல்லது 2400. இந்த அளவைத் தாண்டக் கூடாது. தடுப்பூசி கொடுத்த ஊசிக்குழலிலேயே இதையும் ஏற்றக் கூடாது. முதல் தடுப்பூசிக்குப் பிறகு 7 நாள் கடந்தால் கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் அதற்குள் உடம்பே எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கியிருக்கும். விடையின் முதல் வரி மட்டும் ஊசி அல்ல: 15 நிமிடம் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவுதல்.