செல்லூர்த் தறியும் கோவலன் கையும்

ஆகஸ்ட் 2, சனி

நண்பர்கள் கொண்டுவரும் தொகுப்புக்கு வந்த ஆவிக் கதைகளைப் படித்து அபிப்பிராயம் எழுதித் தர வேண்டும். பாதி முடித்தாயிற்று. லாட்ஜ் அறை, நள்ளிரவு, வெள்ளைச் சேலை. செத்தவள் யார், யாருக்கு வேண்டியவள் என்றே தெரியாமல் எப்படிப் பயப்படுவது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ஒரு கதை என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. மதுரைச் செல்லூரில் கைத்தறி நெய்யும் பெரியவர். நெய்யும் நூலைச் சிறு குழலில் சுற்றியதைத் தார் என்பார்கள். ராட்டையில் அந்தத் தாரைச் சுற்றிக் கொடுக்கும் மனைவி இறந்துவிடுகிறாள். காரியம் முடிந்து மறுநாள் தறிக்கு வந்தால், கூடை நிறையத் தார் சுற்றியிருக்கிறது. அவள் சுற்றினால் ஒரு பக்கம் சற்றுப் புடைத்தே இருக்கும். அதற்காகக் காலமெல்லாம் ஏசியிருக்கிறார். இந்தத் தாரிலும் அதே புடைப்பு. அவர் அலறவில்லை. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போட்டு நெய்யத் தொடங்குகிறார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். கடைசிப் பத்தியில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, “நான்தான் சுத்தி வச்சேன் தாத்தா” என்கிறாள். போச்சு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தக் கடைசிப் பத்தி மனதை விட்டுப் போகவில்லை. சிலப்பதிகாரத்தை எடுத்து ‘ஊர்சூழ் வரி’ என்ற பகுதியைப் படித்தேன். வெட்டுண்டு கிடக்கும் கோவலனைத் தழுவிக் கண்ணகி அழுகிறாள். அவன் எழுந்து, உன் முகம் கன்றிப்போயிற்றே என்று அவள் கண்ணீரைக் கையால் துடைக்கிறான். அவள் அவன் காலைப் பற்றிக்கொள்ள, நீ இங்கே இரு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். சில வரிகள்தான். இது மாயமா, ஏதாவது தெய்வம் மயக்கியதா என்று கண்ணகியே திகைக்கிறாள். இளங்கோ அதற்குப் பதில் சொல்வதில்லை. கண்ணீர் துடைத்த கை மட்டும் நமக்கு மிஞ்சுகிறது.

நம் மதுரை மண்ணில் நடக்கும் இந்தக் காட்சியில் பயமுறுத்தல் என்பதே இல்லை. செத்தவன் ஒரு வேலைக்காக வருகிறான், அன்பு மிச்சம் வைத்த வேலை. செல்லூர்க்காரியும் அப்படித்தானே வந்தாள்?

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் ஆவியே கிடையாது. மனைவியின் உடலோடு ஒரு மனிதர் தனியாக இரவைக் கழிக்கிறார், அவ்வளவுதான். நான் படித்த எந்தப் பேய்க்கதையும் என்னை அந்த அளவு உலுக்கியதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கதை எழுதிய தம்பியிடம் போனில் பேசினேன்.

“அந்தப் பொண்ணை எடுத்துட்டா வாசகருக்குப் புரியாமப் போயிரும்ணே.”

“தாரைத் தடவிப் பார்த்தாரே, அதுலயே எல்லாம் புரிஞ்சுருச்சுப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “யோசிக்கிறேண்ணே” என்றார். முழு மனதாக ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. சரி, முடிவு அவருடையது. கடைசிப் பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொகுப்பில் முதலில் வர வேண்டியது இந்தக் கதைதான் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.