ஜெர்மனியில் ப்ளூ கார்டு: பழைய அனுமதி முடிவதற்குள் நடந்தவை

ஜெர்மனியில் படிப்பை முடித்தவர்களுக்கு வேலை தேடிக்கொள்ள 18 மாதம் வரை அனுமதி தருகிறார்கள். எனக்கு வேலை அமைந்தது அதன் கடைசிக் கட்டத்தில். இனி அந்த வேலைக்காக ப்ளூ கார்டு, அதாவது பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி, வாங்க வேண்டும். ஒப்பந்தம் கைக்கு வந்த சந்தோஷத்தைவிட, கையிலிருந்த அனுமதிக் கார்டில் அச்சாகியிருந்த காலாவதித் தேதிதான் கண்ணை உறுத்தியது. காரணம், எங்கள் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரில் போக முன்பதிவு, கிடைப்பது குதிரைக் கொம்பு. "டெர்மின் கிடைச்சுதா?" என்பதுதான் இங்குள்ள தமிழ்ப் பசங்களின் நலம் விசாரிப்பே.

இந்தப் பதற்றத்துக்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. குடியிருப்புச் சட்டம் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு. கையில் இருக்கும் அனுமதி முடிவதற்கு முன்பே புதியதற்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு தொடர்வதாகக் கொள்ளப்படும். டெர்மின் எப்போது, கார்டு எப்போது என்பதெல்லாம் அப்புறம். முடியும் தேதிக்கு முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, அதற்கு ஆதாரம் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. வேலைக்காகவோ படிப்புக்காகவோ வாங்கும் தேசிய விசாவுக்கு உண்டு.

எங்கள் நகரத்தில் விண்ணப்பத்தை இணையத்திலேயே ஏற்றலாம். ஏற்றி முடித்ததும் தேதி, நேரத்தோடு ஒரு பிடிஎஃப் வந்தது. அதை மின்னஞ்சலில் ஒன்று, போனில் ஒன்று, அச்செடுத்து கோப்பில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அலுவலகத்தில் முதலில் கேட்டதே அதைத்தான்.

ஆவணங்களில் பெரிய சிக்கல் இல்லை. பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், பட்டச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, வீட்டு முகவரியைப் பதிந்த சான்று. இவற்றோடு நிறுவனம் நிரப்பித் தர வேண்டிய படிவம் ஒன்று உண்டு: வேலை என்ன, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று. இதைத் தனியாக நினைவூட்டிக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் இருக்கிறதே, இது எதற்கு என்று எங்கள் எச்ஆரில் நினைத்தார்கள். பட்டம் ஜெர்மனியிலேயே வாங்கியது என்பதால் எனக்கு ஒரு வேலை குறைந்தது. இந்தியப் பட்டம் என்றால் வெளிநாட்டுக் கல்லூரிகளையும் பட்டங்களையும் பட்டியலிடும் அனாபின் தளத்தில் கல்லூரி எச் பிளஸ் (அங்கீகாரம் உண்டு) என்று இருக்கிறதா, பட்டமும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கங்களை அச்செடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் பான் நகரில் உள்ள மைய அலுவலகத்தில் பட்டத்தை மதிப்பிட்டு வாங்க வேண்டும், அதற்குக் காசும் காலமும் தனி.

சம்பள வரம்பு ஒவ்வோர் ஆண்டும் மாறும். 2025இல் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோவாக இருந்தது. பட்டம் வாங்கி மூன்றாண்டு ஆகாதவர்களுக்கும், ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும் அந்த ஆண்டு 43,759.80 யூரோ போதுமானதாக இருந்தது. என் சம்பளம் இரண்டுக்கும் நடுவில். அப்படி இருந்தால் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும். அதை அலுவலகமே உள்ளுக்குள் கேட்டு வாங்கிக்கொள்கிறது, நாம் அலைய வேண்டியதில்லை.

அப்புறம் தபால் பெட்டி. ஜெர்மனியில் பெட்டியின் மேல் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் கடிதத்தைப் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். பகிர்ந்து தங்கும் வீடு என்றால் நாலைந்து பெயர்கள் டேப் மேல் டேப்பாக இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதி ஒட்டுங்கள். அப்பா பெயரா, இனிஷியலா, எது குடும்பப்பெயர் என்ற நம் ஊர்க் குழப்பத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டாம்.

காலாவதித் தேதி கடந்துபோனது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் சட்டப்படி எல்லாம் சரி என்பது எனக்குத் தெரிந்தால் போதுமா? எச்ஆருக்கும் வங்கிக்கும் விமான நிலையத்துக்கும் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் ஃபிக்‌ஷன் சான்று என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் தாள், முடிவு வரும்வரை அலுவலகம் தரும் தற்காலிகச் சான்று. 13 யூரோ. மடித்த தாள், உள்ளே புகைப்படத்தோடு ஸ்டிக்கர், பக்கத்தில் வரிசையாக மூன்று கட்டங்கள். எந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள் என்பதை அங்கேயே நின்று பாருங்கள். மூன்றாவது, அதாவது 81இன் 4ஆம் உட்பிரிவைச் சொல்லும் கட்டம் என்றால் பழைய அனுமதி தொடர்கிறது, ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். முதல் கட்டம் என்றால் இங்கே தங்கியிருக்கலாம், வெளியே போனால் அந்தத் தாளைக் காட்டி உள்ளே வர முடியாது. அவசரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டிக்கெட் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேலையில் சேரவும் தடையில்லை. என் பழைய கார்டோடு தந்திருந்த பச்சை இணைப்புத் தாளிலேயே எந்த வேலையும் செய்யலாம் என்று இருந்தது. நிபந்தனை தொடர்கிறது என்றால் அதுவும் தொடர்கிறது. மாணவர் அனுமதியிலிருந்து நேரடியாக மாறுபவர்களுக்கு இப்படி இல்லை. அவர்களுக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் என்ற வரம்புதான் தொடரும். அதனால் வேலையில் சேரும் முன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இடையில் அக்கா கல்யாணம். மூன்றாவது கட்டம்தான் என்று நான்கு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்தவர் காலாவதியான கார்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தாளை நீட்டினேன். முழுக்க ஜெர்மனில் இருந்ததால் போனில் யாரிடமோ கட்டம் கட்டமாகப் படித்துக் காட்டினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் போர்டிங் பாஸ் வந்தது. இப்படிப் பயணம் செய்பவர்கள் பழைய கார்டு, பாஸ்போர்ட், சான்று மூன்றையும் கையில் வைத்திருங்கள், வேறு ஷெங்கன் நாட்டில் இறங்காமல் நேராக ஜெர்மனிக்கே வாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் எல்லைக் காவலர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

டெர்மின் வந்தபோது அது ஒன்றுமேயில்லாத விஷயமாக முடிந்தது. இரண்டு விரல்களின் ரேகை, கையெழுத்து, 100 யூரோ. உயரம் எவ்வளவு, கண் என்ன நிறம் என்று அந்த அம்மா கேட்டார். கார்டின் பின்புறத்தில் இரண்டும் அச்சாகும். பழுப்பு என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டிக்கொண்டார். கார்டை பெர்லினில் அச்சடிக்கிறார்கள், கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும்.

ப்ளூ கார்டு அதிகபட்சம் நான்காண்டு. ஆனால் பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்தால் கார்டும் அந்தத் தேதியோடு நின்றுவிடும். என்னோடு படித்த ஒருவருக்கு அப்படித்தான் ஒன்றரை ஆண்டுக்குக் கிடைத்தது. பாஸ்போர்ட்டில் கொஞ்ச காலமே மிச்சம் என்றால் அதை முதலில் புதுப்பித்துவிடுங்கள். முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிரந்தரக் குடியிருப்புக்கு ஜெர்மன் மொழியில் ஏ1 (தொடக்க நிலை) இருந்தால் 27 மாதம், பி1 (இடைநிலை) இருந்தால் 21 மாதம். அந்த ஆறு மாதத்துக்காகத்தான் இப்போது வாரம் இரண்டு மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.