அசையாத பெட்டி

ஹெலிகாப்டர் பெட்டிக்கு நேர் மேலே நிற்கிறது. ரேடியோ மெனுவைத் திறந்தால் சரக்குப் பட்டியலில் அந்தப் பெட்டியே இல்லை.

டிசிஎஸ் என்ற விமான சிமுலேட்டர் விளையாட்டில், பறக்கும் பணிகளை நாமே வடிவமைக்கும் மிஷன் எடிட்டரில் இது அடிக்கடி நடக்கிற கூத்து.

ஸ்டாட்டிக் பொருளாக, அதாவது தானாக நகராத பொருளாக, பெட்டியை வைத்தால் மட்டும் போதாது. கேட்டகரியில் ‘கார்கோஸ்’ தேர்வு செய்து, ‘சரக்காகத் தூக்கலாம்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். டிக் இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

அடுத்தது எடை. எடிட்டர் எதையாவது நிரப்பி வைத்திருக்கும், அதை நம்பக்கூடாது. யூஎச்-1எச் (ஹியூயி) ஹெலிகாப்டரின் கொக்கிக்கு உச்ச வரம்பு 4000 பவுண்டு, ஏறக்குறைய 1800 கிலோ. எம்ஐ-8 ஹெலிகாப்டர் என்றால் 3000 கிலோ. இது கொக்கி தாங்கும் கணக்குதான். எஞ்சின் தாங்கும் கணக்கு வேறு. மலை உயரம், 35 டிகிரி வெயில், முழு டேங்க் எரிபொருள் மூன்றும் சேர்ந்தால் ஹியூயி 1000 கிலோவுக்கே திணறும். மிஷனின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுத்தான் எடையை எழுத வேண்டும். எரிபொருளைப் பாதியாகக் குறைப்பதும் உதவும்.

இறக்குமிடத்துக்கு ஒரு ட்ரிகர் ஸோன் (நிபந்தனையைச் சோதிக்க வரைபடத்தில் குறிக்கும் பகுதி) போட்டு, ‘ஸோனுக்குள் சரக்கு கழற்றப்பட்டது’ என்ற நிபந்தனையைச் சேருங்கள். பெட்டியோடு ஸோனுக்கு மேலே பறந்தால் அது நிறைவேறாது, கொக்கியிலிருந்து பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். ஸோனை ரொம்பச் சின்னதாக வைத்து விமானியைப் பழிவாங்காதீர்கள். ஆடும் கயிற்றில் துல்லியம் கிடைக்காது.

மரத்தடியில் பெட்டி வைப்பவர்களை மட்டும் மன்னிக்கவே முடியாது.