அப்பாவின் பட்ஜெட்டும் ஆவணி மாதமும்

அப்பா ஓய்வு பெற்றது ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து. மறு மாதமே எங்கள் வீட்டுக்கு பட்ஜெட் வந்துவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, நீள நோட்டைப் பிரித்து வாசித்தார். "சுதந்திர இந்தியாவோட முதல் பட்ஜெட்டை 1947-ல போட்டதே நம்ம கோயமுத்தூர்க்காரர் சண்முகம் செட்டியார்தான்" என்று முன்னுரை வேறு. மளிகை, பால், கேஸ், கரண்ட், மருந்து என்று வரிசையாக ஒதுக்கீடு. கடைசியில் "இதர: 500".

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "அந்த இதர மாசத்துக்குங்களா, ஒரு நாளைக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாச் செலவுக்கும் ரசீது வேண்டும் என்பது சட்டம். கீரைக்காரம்மாவிடம் ரசீதுக்கு எங்கே போவது? அம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் "அரைக்கீரை 20" என்று எழுதி நீட்டினார். அப்பா அசரவில்லை, அதையும் கம்பியில் குத்தி வைத்தார். எங்கள் வீட்டில் இப்போது ராகுகாலம் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கம்பியைத்தான் உருவ வேண்டும்.

அடுத்து என் ஜிபே தணிக்கைக்குப் போனது. "யாருடா இந்தப் பொண்ணு? தினமும் 15, 30-ன்னு அனுப்பியிருக்கே?" அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. டீக்கடையின் க்யூஆர் கோடு கடைக்காரர் மனைவி பெயரில் இருக்கிறது என்று நான் விளக்கியதும் அது வாடிவிட்டது.

கரண்ட் விஷயத்தில் மட்டும் அப்பாவைப் பாராட்டத்தான் வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும். அதனால் கடைசி வாரத்தில் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று ஸ்கோர் சொல்வார். "நானூத்தித் தொண்ணூறு! ஏசியை நிறுத்து!"

ஆடி மாதம் உபரி பட்ஜெட். கையில் பணம் மிஞ்சிவிட்டது. சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "எல்லாம் திட்டமிடல்தாம்ப்பா" என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். ஆடியில் யார் வீட்டிலும் கல்யாணம் கிடையாது என்பதை அம்மா சொல்லவில்லை.

ஆவணி பிறந்தது. பத்திரிகைகள் வந்து குவிந்தன. கூடவே அரையாண்டு வீட்டு வரி, கேஸ் சிலிண்டர், ஒரு சீர். மாதாமாதம் வருகிற செலவுகளுக்கெல்லாம் நோட்டில் இடம் இருந்தது. மாதாமாதம் வராதவைதான் கும்பலாக வந்து நின்றன. அம்மா பரணிலிருந்து மொய் நோட்டை இறக்கினார்.

"2009-ல நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு இவங்க 501 எழுதினாங்க."

"அப்ப நாமளும் 501 எழுதிடலாம்."

"ஏனுங்க, பவுன் அன்னிக்கு வித்த விலையா இன்னிக்கு விக்குது? 2001-க்குக் கம்மியா எழுதினா அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுங்களா?"

அப்பாவுக்குப் பணம்கூடப் பெரிய கவலையில்லை. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் கவலை. செலவு என்றால் திரும்பி வரக் கூடாது, கடன் என்றால் பத்திரம் வேண்டும், சேமிப்பு என்றால் வட்டி தெரிய வேண்டும். முப்பத்து சொச்சம் வருட சர்வீஸில் இப்படி ஓர் இனத்தைப் பார்த்ததில்லை என்றார்.

ஒரு வழியாக வருடச் செலவுகளையெல்லாம் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாத ஒதுக்கீட்டில் சேர்த்தார். இந்த யோசனை நிஜமாகவே நல்லது. ஆனால் சேர்த்ததும் பென்ஷன் போதவில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே வைத்து, கறிச்சோறு போட்டு, கொடுத்த மொய்யைத் திரும்ப வாங்குகிறார்களாமே என்று பெருமூச்சு விட்டார்.

"நம்ம பக்கம் அந்த வழக்கமில்லைங்க. நாம வாங்கணும்னா வீட்ல ஒரு விசேஷம் நடக்கணும்" என்றார் அம்மா.

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் நோட்டைப் புரட்டினேன். அடுத்த ஆண்டு வரவுப் பக்கத்தில், பென்சிலில், என் பெயர் இருக்கிறது.