கொட்டாஞ்சேனையில் துறவிகள் எழுப்பிய பேராலயம்

கொழும்புக்கு வரும் நம்மவர்களில் பலர் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். முச்சக்கரவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனால், வீட்டுக் கூரைகளுக்கு மேலாகக் குவிமாடம் தலைகாட்டும்.

இதைத் துறவிகளின் கட்டடம் என்றுதான் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் கத்தோலிக்கப் பூசையைத் தடைசெய்திருந்த காலத்தில் கோவாவிலிருந்து மறைந்து வந்தவர்கள் ஒரட்டோரியன் சபைக் குருக்கள். யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது பிச்சைக்காரர் கோலத்தில். அந்தச் சபையினர் 1760இல் இங்கே அமைத்தது ஒரு கிடுகுக் கொட்டில். இன்றைய பேராலயத்தை 1870களில் தொடங்கிய ஆயர் சில்லானி, பெனடிக்டைன் சபையின் சில்வெஸ்திரின் கிளையைச் சேர்ந்த துறவி. 1883இல் கொழும்புத் திருச்சபை, அமலமரித் தியாகிகள் என்ற வேறொரு துறவற சபையின் பொறுப்புக்கு வந்தது. பெனடிக்டைன்கள் கண்டிக்குப் போனார்கள். அடித்தளம் இட்டவர்கள் ஒரு சபை, முடித்து வைத்தவர்கள் இன்னொரு சபை.

அதே 1883இல், உயிர்த்த ஞாயிறன்று, அருகிலுள்ள தீபதுத்தாராம விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே பெரும் கலவரம் வெடித்தது. பௌத்தர்களுக்காக நியாயம் கேட்டு லண்டன் வரை போனார் ஒல்கொட் என்ற அமெரிக்கர். 1885இல் பௌத்தர்களின் திருநாளான வெசாக் பொது விடுமுறையானது அந்த முறையீட்டின் பயன்களில் ஒன்று. வெசாக் கூடு பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

வெளியே தூண்களும் குவிமாடமுமாக ரோமாபுரியின் மிடுக்கு. உள்ளே அலங்காரம் குறைவு. சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கு அதுதான் பிடித்தது. 5,000 பேர் கொள்ளும் மண்டபத்தில் கண்ணை இழுக்கும் பூச்சுவேலைகள் மிகுந்திருந்தால் ஜெபிக்க வந்தவர்கள் காணாமல் போயிருப்பார்கள். நான் போன பிற்பகலில் அங்கே இருந்தவர்கள் சிலரே; ஒரு மூதாட்டி முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். லூசியம்மாள் கண்நோய்க்குப் பாதுகாவலி. என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்த அந்த மூதாட்டி, டிசம்பர் 13ஆம் திகதி திருநாளுக்குக் கட்டாயம் வரச் சொன்னார்.

பக்கத்திலேயே நல்லாயன் கன்னியர் மடம். அருட்சகோதரிகள் இலங்கைக்கு வந்தது 1869இல். மதிலுக்கு அப்பால் நாம் எட்டிப்பார்க்க முடியாது, எட்டிப்பார்க்கவும் கூடாது. அது அவர்கள் வாழும் வீடு. சுற்றியுள்ள பாடசாலைகள் விடும் நேரத்தில் மட்டும் போய்விடாதீர்கள். வெள்ளைச் சீருடைகளுக்கும் வான்களுக்கும் நடுவில் அசையவே இடம் கிடைக்காது.